கிளைப் பாதையில் மீண்டும் கூட்ஸ் வண்டி: நெல் நகர்ந்தால்தான் களம் காலியாகும்

நீடாமங்கலத்திலிருந்து மன்னார்குடி வரை செல்லும் ரயில் பாதையின் நீளம் சுமார் 14 கிலோமீட்டர்தான். மீட்டர் கேஜ் காலத்தில் நெல்லையும் உரத்தையும் ஆட்களையும் சுமந்த இந்தக் கிளைப் பாதையில், வருமானம் போதவில்லை என்று 1976-இல் வண்டிகள் நிறுத்தப்பட்டன. முப்பத்தைந்து ஆண்டுகள் பாதை உறங்கிக் கிடந்தது. பிறகு அகலப் பாதையாகப் புதிதாக அமைக்கப்பட்டு, 2011 செப்டம்பரில் மீண்டும் ரயில் வந்தது. முதலில் வந்தது பயணிகள் வண்டி. அடுத்து வந்த ஆண்டுகளில், அறுவடைக் காலங்களில் நெல் ஏற்றும் கூட்ஸ் வண்டிகளும் மன்னார்குடிக்கு வரத் தொடங்கின.

பயணிகள் வண்டி வந்தபோது மேளதாளம் இருந்தது. கூட்ஸ் வண்டிக்கு யாரும் மாலை போடுவதில்லை. ஆனால் உழவரின் பார்வையில் பார்த்தால், ஊருக்குள் கிடக்கும் நெல்லை ஒரே நாளில் ஆயிரம் டன் வெளியே எடுத்துச் செல்லும் வண்டி அதுவே. அது எப்படி இயங்குகிறது, எங்கே தடைபடுகிறது என்பதைத் தெரிந்துகொண்டால், கொள்முதல் நிலையத்தில் மூட்டை ஏன் தேங்குகிறது என்பதும் தெளிவாகும்.

போன வண்டி வேறு, வந்த வண்டி வேறு

பழைய கூட்ஸ் வண்டியைப் பெரியவர்கள் நினைவில் வைத்திருப்பார்கள். அது ஒவ்வொரு ஸ்டேஷனிலும் நிற்கும். ஓரிடத்தில் இரண்டு வாகன் உரத்தைக் கழற்றி விடும். அடுத்த ஊரில் ஒரு வாகன் நெல்லைக் கோத்துக்கொள்ளும். ஒரு வாகன் முழுதும் பிடிக்க வசதியில்லாத வியாபாரி பத்து மூட்டையைக்கூடச் சில்லறைச் சரக்காகப் பதிவு செய்து அனுப்பலாம். ஸ்டேஷன் மாஸ்டரிடம் ரசீது வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனால், சரக்கு என்றைக்காவது போய்ச் சேரும். என்றைக்கு என்பதுதான் அந்த முறையின் கோளாறு. வழியில் பல இடங்களில் வாகன்கள் பிரிக்கப்பட்டு, வேறு வண்டியில் கோக்கப்பட்டு, யார்டுகளில் நாள் கணக்கில் காத்துக் கிடக்கும். மீட்டர் கேஜ் பாதையிலிருந்து வடக்கே அகலப் பாதைக்குப் போக வேண்டிய சரக்கு என்றால், இரண்டு பாதைகளும் சந்திக்கும் இடத்தில் மூட்டைகளை இறக்கி மறுபடி ஏற்ற வேண்டும். ஒவ்வொரு இறக்கத்துக்கும் கூலி, ஒவ்வொரு கொக்கிக்கும் ஓர் ஓட்டை, ஓட்டைதோறும் ஒரு பிடி நெல் தரையில். லாரி இந்த வியாபாரத்தைப் பிடித்துக்கொண்டதில் வியப்பில்லை.

டெல்டாவின் பாதைகள் கேஜ் விவகாரத்தில் பட்ட பாடு ஒரு தனிக் கதை. நாகப்பட்டினத்திலிருந்து தஞ்சாவூர் வழியாகத் திருச்சி சென்ற முதன்மைப் பாதை 1861, 1862 ஆண்டுகளில் அகலப் பாதையாகத்தான் போடப்பட்டது. 1875-இல் அதை மீட்டர் கேஜாகக் குறுக்கினார்கள். நூறாண்டுக்கு மேல் கழித்து மறுபடியும் அகலமாக்கினார்கள். அதே தஞ்சை மாவட்டத்தில் மாயவரம்–முத்துப்பேட்டை பாதை 1894-இல் திறக்கப்பட்டது. அது மாவட்ட போர்டின் சொந்தப் பாதை. அதற்கென்று நிலத்தின் பேரில் தனி வரி வசூலித்துப் போடப்பட்டது. இந்த வட்டாரத்து ரயிலில் மிராசுதார் முதல் சிறு குடியானவர் வரை பலருடைய பணமும் கலந்திருக்கிறது என்பதை மறந்துவிடக் கூடாது.

1980-களில் ரயில்வே தன் சரக்கு முறையை மாற்றிக்கொண்டது. ஒரு வாகன், இரண்டு வாகன் என்று வாங்குவது படிப்படியாகக் குறைந்தது. ஓரிடத்தில் ஏற்றி, ஓரிடத்தில் இறக்கும் முழு வண்டி முறை வந்தது. இதை ரேக்கு என்பார்கள். நிலக்கரி, சிமெண்டு, உரம், உணவு தானியம் ஆகிய மொத்தச் சரக்குகளுக்கு இது மிகவும் ஏற்றது. வழியில் நிற்பதில்லை. ஏற்றிய மறுநாளோ அதற்கடுத்த நாளோ போய்ச் சேர்ந்துவிடும். ஆனால் தனி ஒரு உழவருக்கும் சின்ன வியாபாரிக்கும் அந்த வண்டியின் கதவு அன்றோடு அடைபட்டது. இப்போது மன்னார்குடிக்குத் திரும்பி வந்திருப்பது இந்தப் புதிய முறைக் கூட்ஸ் வண்டி. தன் பத்து மூட்டையை அதில் ஏற்றலாம் என்று எவரும் எண்ண வேண்டாம். ஏற்றுகிறவர் தமிழ்நாடு நுகர்பொருள் வாணிபக் கழகம். சேருமிடம் தர்மபுரியோ, திருவண்ணாமலையோ, ஈரோடோ, அரவை ஆலைகள் உள்ள வேறொரு மாவட்டமோ.

அப்படியானால் உழவருக்கு இதில் என்ன ஆதாயம்? கொள்முதல் நிலையத்தில் இடம் காலியாவதுதான் ஆதாயம். அது சிறிய விஷயம் அல்ல.

தேக்கம் எங்கே பிறக்கிறது

அறுவடை இயந்திரம் வந்த பிறகு டெல்டாவில் ஒரு கிராமத்து வயல் முழுதும் ஒரே வாரத்தில் அறுபட்டு விடுகிறது. முன்பு ஆள் வைத்து அறுத்து, கட்டி, அடித்து, தூற்றிக் களத்தில் சேர்க்க ஒரு மாதம் நீடித்த வேலை இது. நெல் ஒரே மூச்சில் வந்து குவிகிறது. நேரடி நெல் கொள்முதல் நிலையமோ ஒரு நாளைக்கு இத்தனை சிப்பம்தான் பிடிக்க முடியும். பிடித்த சிப்பங்களை அடுக்க நிலையத்தில் உள்ள இடமும் குறைவு. அடுக்கியவை திறந்தவெளி சேமிப்பு மையத்துக்கோ கிடங்குக்கோ போக வேண்டும். அதை ‘இயக்கம்’ என்கிறார்கள். இயக்கம் நின்றால் நிலையம் நிறையும். நிலையம் நிறைந்தால் எடை போடுவது நிற்கும். எடை நின்றால் உழவரின் நெல் சாலையோரத்தில் காத்திருக்கும். அந்த நேரம் பார்த்து மழை வரும்.

கிடங்கும் அதே போலத்தான். அங்கிருந்து அரவைக்கு நெல் வெளியேறாவிட்டால், நிலையங்களிலிருந்து வரும் லாரிகள் வாசலிலேயே வரிசை கட்டி நிற்கும். லாரி காலியாகாமல் அடுத்த நடைக்குத் திரும்ப முடியாது. ஆக, கிராமத்துக் களத்தில் நெல் நனைவதற்குக் காரணம் பத்து மைல் தள்ளி ஒரு கூட்ஸ் வண்டி வராததாக இருக்கலாம். வாய்க்காலில் கடைமடை அடைத்துக்கொண்டால் தலைமடை வயலில் தண்ணீர் நிற்பது போன்றதே இது. 2025 அக்டோபரில் குறுவை அறுவடையும் மழையும் சேர்ந்து வந்தபோது டெல்டா முழுதும் இப்படி நெல் தேங்கி, பல இடங்களில் முளைவிட்ட நெல்லைக் கையில் அள்ளிக் காட்டினார்கள் உழவர்கள்.

ஆயிரம் டன் என்றால் எவ்வளவு?

ஒரு சிப்பம் 40 கிலோ. உழவர்கள் வீட்டுக் கணக்கில் சொல்லும் 60 கிலோ மூட்டை வேறு, நிலையத்துச் சிப்பம் வேறு. ஆயிரம் டன் என்பது 25,000 சிப்பம். டெல்டாவிலிருந்து போகும் நெல் வண்டிகளில் 21 வாகன் கொண்டவை உண்டு. 42 வாகன் கொண்டவையும் உண்டு. முன்னது சுமார் 1,000 டன், பின்னது சுமார் 2,000 டன் ஏற்றும். கணக்குப் போட்டால் ஒரு வாகனுக்கு ஏறக்குறைய 1,190 சிப்பம், அதாவது 47 அல்லது 48 டன்.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. மூடிய வாகன் ஒன்று ஐம்பத்தைந்து, அறுபது டன் வரை எடை தாங்கக் கூடியது. பிறகு ஏன் 48 டன்னோடு நிற்கிறது? நெல் எடை குறைந்து இடம் அதிகம் பிடிக்கும் சரக்கு. ஒரு கன மீட்டர் நெல் 550 முதல் 600 கிலோ இருக்கும். அதே அளவு அரிசி 750 கிலோவுக்கு மேல் வரும். உமிக்கும் அரிசிக்கும் இடையே காற்று. எனவே எடை நிறைவதற்கு முன்பே வாகன் நிறைந்து விடுகிறது. இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். நூறு கிலோ நெல்லைப் புழுங்கல் அரிசியாக்கினால் 68 கிலோ கிடைக்க வேண்டும் என்பது அரவைக் கணக்கு. அப்படியானால் ஆயிரம் டன் நெல் ஏற்றிச் செல்லும் வண்டி 320 டன் உமியையும் தவிட்டையும் கழிவையும் சேர்த்தே சுமந்து செல்கிறது. ஏழு வாகன் உமியும் தவிடும்! மாட்டுக்குத் தவிடும், எண்ணெய் ஆலைக்குத் தவிடும், கொதிகலனுக்கு உமியும் நெல் விளைந்த ஊரிலேயே நிற்கலாமே என்ற கேள்வி நியாயமானது. மன்னார்குடியை அடுத்த சுந்தரக்கோட்டையில் கழகத்தின் நவீன அரிசி ஆலை இருக்கிறது. ஆனால் பருவத்தில் குவியும் நெல் முழுவதையும் அரைக்க உள்ளூர் ஆலைகளின் திறன் போதாது. அந்தத் திறன் கூடும் வரை நெல்லாகவே அனுப்புவதைத் தவிர வேறு வழியில்லை.

ஒரு லாரிக்குப் பத்து டன் என்று வைத்துக்கொண்டாலும், கிடங்கிலிருந்து ரயில் நிலையத்துக்கு 25,000 சிப்பத்தைக் கொண்டுவர நூறு நடை வேண்டும். அதே நெல்லைத் திருவண்ணாமலை வரை லாரியிலேயே அனுப்பினாலும் நூறு நடைதான். ஆனால் ஒவ்வொரு லாரியும் போய்த் திரும்ப இரண்டு மூன்று நாள் ஆகிவிடும். ரயிலடிக்கு மட்டும் ஓடும் லாரி ஒரே நாளில் பல நடை அடிக்கும். நெல்லை வெளியூர் கொண்டு செல்வதைவிட, உள்ளூர் லாரிகளை உள்ளூரிலேயே நிறுத்தி வைப்பது கூட்ஸ் வண்டியின் பெரிய உபகாரம். அறுவடைக் காலத்தில் லாரி கிடைப்பது குதிரைக் கொம்பு என்பதை அனுபவித்தவர்கள் இதன் அருமையை அறிவார்கள்.

மன்னார்குடியில் வண்டி ஏற்றுவதால் இன்னொரு லாபம், தென்புறத்துக் கிடங்குகளின் லாரிகள் நீடாமங்கலம் வரை போக வேண்டியதில்லை. நீடாமங்கலம் நெடுங்காலமாகவே நெல் ஏற்றும் பெரிய நிலையம். அதன் நடுவே நெடுஞ்சாலையில் ரயில்வே கேட் இருக்கிறது. காரைக்கால் துறைமுகத்திலிருந்து வரும் நிலக்கரி வண்டிகளும் அதே பாதையில்தான் போக வேண்டும். நெல் வாகன்களை முன்னும் பின்னும் நகர்த்தும்போது கேட் மூடிவிட்டால், பஸ்ஸும் லாரியும் ஆம்புலன்ஸும் காத்து நிற்கும். மேம்பாலம் வேண்டும் என்று அவ்வூரார் பல ஆண்டுகளாகக் கேட்டுவந்திருக்கிறார்கள். சரக்கு ரயிலின் நன்மையைப் பேசும்போது, அதற்காக வெயிலில் நிற்கிறவர்களையும் கணக்கில் சேர்ப்பதே நேர்மை.

ஏற்றும் நாள்

காலி வாகன்கள் மேடைக்கு வந்து நின்றதும் கடிகாரம் ஓடத் தொடங்கும். ரயில்வே அனுமதிக்கும் மணி நேரத்துக்குள் ஏற்றி முடிக்காவிட்டால் வாகன் ஒன்றுக்கு, மணி ஒன்றுக்கு என்று டெமரேஜ் கட்ட வேண்டும். சரக்கை மேடையில் இறக்கிப் போட்டுவிட்டுத் தாமதித்தால் அதற்கு வார்பேஜ் தனி. ஆகவே வண்டி வரும் முன்பே லாரிகள் வரிசையில் நிற்க வேண்டும். சுமை தூக்கும் தொழிலாளர்கள் போதுமான எண்ணிக்கையில் இருக்க வேண்டும். ஒருவர் தலையில் ஒரு சிப்பம் என்று 25,000 தடவை ஏறி இறங்கும் வேலை இது. வண்டி என்னவோ இரும்பு. அதை நிரப்புவது மனிதக் கழுத்து.

ஏற்றுமுன் ஒவ்வொரு வாகனையும் பார்க்க வேண்டும். முன்பு சிமெண்டோ உரமோ வந்திருந்தால் தூள் ஒட்டியிருக்கும். நன்றாகக் கூட்ட வேண்டும். கூரையில் ஓட்டை இருக்கிறதா என்று அறிய எளிய வழி ஒன்று உண்டு: உள்ளே நின்றுகொண்டு கதவுகளைச் சாத்தச் சொன்னால், ஓட்டை உள்ள இடத்தில் வெளிச்சம் ஊசிபோலத் தெரியும். வெளிச்சம் புகும் இடத்தில் தண்ணீரும் புகும். கதவருகே சிப்பங்களைக் கொஞ்சம் தள்ளி அடுக்குவது நல்லது. மழை தூறினால் ஏற்றும் வேலை நின்றுவிடும். மேடைக்குக் கூரை இல்லாத நிலையங்களில் இதுதான் தலைவலி. பாதைக்கும் வாகனுக்கும் கோடிக்கணக்கில் செலவழித்துவிட்டு, மேடைக்குக் கூரை போடாமல் விடுவது மாடு வாங்கிவிட்டுத் தும்புக் கயிற்றுக்கு யோசிப்பது போலத்தான்.

உழவர் கையில் உள்ளது

வண்டி எப்போது வரும் என்பது உழவர் கையில் இல்லை. நெல்லின் ஈரம் பெரும்பாலும் அவர் கையில் இருக்கிறது. கொள்முதலுக்கு 17 சதவீதம் வரை ஈரப்பதம் என்பது விதி. பருவம் தவறிய மழையின்போது மத்திய அரசு இதைத் தளர்த்துவதுண்டு. 2022 அக்டோபரில் 19 சதவீதம் வரையும், 2023 பிப்ரவரியில் 20 சதவீதம் வரையும் அனுமதி கிடைத்தது. இதனால் உழவர்களுக்கு உடனடி நிவாரணம் கிடைத்தது உண்மை. ஆனால் தளர்வு விதிக்குத்தான். நெல்லின் இயற்கைக்கு அல்ல. நெல்லைப் பல மாதம் கெடாமல் வைக்க ஈரம் 14 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது. ஈரம் மிகுந்த நெல் சாக்குக்குள் மூச்சு விடும், மூச்சு விட்டால் சூடாகும், சூடானால் அரிசி மஞ்சள் பாயும், பூசணம் பிடிக்கும்.

கணக்கையும் பார்க்கலாம். 17 சதவீத ஈரமுள்ள 40 கிலோ சிப்பத்தில் 6.8 கிலோ தண்ணீர். அது கிடங்கில் 14 சதவீதத்துக்கு உலர்ந்தால் எடை 38.6 கிலோவாகக் குறையும். 1.4 கிலோ எங்கே என்ற கேள்விக்கு ஊழியர் பதில் சொல்ல வேண்டியிருக்கும். 20 சதவீத ஈரத்தோடு பிடித்த சிப்பமானால் 2.8 கிலோ குறையும். நிலையத்தில் ஈரமானியை வைத்துக்கொண்டு கறாராகப் பேசுகிறவரின் கவலைக்கு இதுவே மூலம். 20 சதவீத நெல் ஆயிரம் டன்னை வண்டியில் ஏற்றினால், 17 சதவீத நெல்லைவிட 30 டன் தண்ணீரை அதிகமாக ஊர்விட்டு ஊர் அனுப்புகிறோம். சூட்டோடு மூடிய வாகனில் இரண்டு நாள் அடைபட்ட ஈரநெல் ஆலை வாசலில் இறங்கும்போது எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

இயந்திர அறுவடைக்கு அவசரப்பட்டு விடிகாலையில் வண்டியை வயலில் இறக்க வேண்டாம். பனி உலர்ந்த பின் அறுத்தால் ஈரம் ஓரளவு குறையும். கதிரில் பத்தில் எட்டு ஒன்பது பங்கு மணி பழுத்த பிறகு அறுப்பது நல்லது. பச்சை மணி கலந்தால் ஈரமும் கூடும், கருக்காயும் கூடும். அறுத்த நெல்லைக் குவியலாக விடாமல் களத்தில் மெல்லியதாகப் பரப்பி, மணிக்கொரு தரம் காலால் உழுதாற்போலக் கிளறிவிட வேண்டும். மாலையில் குவித்துப் படுதா போட்டு மூடும்போது, கீழேயும் ஒரு விரிப்பு அவசியம். தரையின் ஈரம் இரவில் ஏறும். தார்ச் சாலையில் காயவைப்பது எளிதாகத் தோன்றினாலும், கல்லும் மண்ணும் கலப்பதோடு விபத்துக்கும் இடமாகும்.

நிலையத்துக்கு நெல்லைக் கொண்டு போகும் முன் கேட்க வேண்டிய கேள்வி, “இன்று எடை போடுகிறீர்களா?” என்பது மட்டும் அல்ல. “கடைசியாக இயக்கம் எப்போது நடந்தது? எத்தனை சிப்பம் தேங்கியிருக்கிறது?” என்றும் கேட்க வேண்டும். தேக்கம் அதிகம் என்று தெரிந்தால், நிற்கிற பயிரை இரண்டு நாள் வயலிலேயே விடுவதா, அறுத்து வீட்டில் உலர்த்தி வைப்பதா என்று வானத்தைப் பார்த்து முடிவு செய்யலாம். அறுவடை இயந்திரத்துக்கு முறை போடும்போது ஒரு கிராமத்தார் கூடிப் பேசி, நிலையத்தின் அன்றாடக் கொள்ளளவுக்கு ஏற்ப வயல்களை வரிசைப்படுத்திக்கொண்டால் பாதித் தொல்லை குறையும். எங்கும் இது எளிதாக நடப்பதில்லை. இயந்திரம் கிடைத்த நாளில் அறுத்தாக வேண்டிய கட்டாயம் சிறு உழவருக்கு உண்டு.

உரம் வரும் வழி

நெல் போகும் பாதையிலேயே உரம் வருகிறது. யூரியாவும் டி.ஏ.பி.யும் தஞ்சாவூர் போன்ற நிலையங்களுக்கு ரேக்கு ரேக்காக, ஆயிரம் டன்னுக்குக் குறையாமல் வந்து இறங்கி, அங்கிருந்து லாரிகளில் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்களுக்கும் தனியார் கடைகளுக்கும் போகின்றன. சம்பா நடவுக்குப் பின் முதல் மேலுரம் போட வேண்டிய வாரத்தில் ரேக்கு தாமதமானால், கடைகளில் உரத் தட்டுப்பாடு என்ற பேச்சு கிளம்பும். நெல் ஏற்ற வரும் வண்டி பெரும்பாலும் காலியாக வருகிறது. உரம் இறக்கிய அதே வாகனைக் கூட்டி, உலர்த்தி, அங்கேயே நெல் ஏற்றி அனுப்ப முடிந்தால் இரு பக்கமும் மிச்சம். இதற்கு உர நிறுவனம், ரயில்வே, வாணிபக் கழகம் மூன்றும் தேதிகளை ஒத்துப் பார்க்க வேண்டும். குறுவை அறுவடையும் சம்பாவுக்கு உரம் இறங்கும் காலமும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு வருவதால், இந்த ஏற்பாட்டுக்குச் செப்டம்பர், அக்டோபர் மாதங்கள் பொருத்தமானவை.

டெல்டாவில் இன்னும் சில பாதைகள் இப்படித் திரும்பியிருக்கின்றன. அகலப் பாதையாக்குவதற்காக மூடப்பட்டிருந்த திருவாரூர்–காரைக்குடி பாதை 2019 ஜூனில் முழுமையாகத் திறக்கப்பட்டது. திருத்துறைப்பூண்டியிலிருந்து வேதாரண்யம் வழியாக அகஸ்தியன்பள்ளி செல்லும் 37 கிலோமீட்டர் பாதை 2023 ஏப்ரலில் திறக்கப்பட்டது. மீட்டர் கேஜ் நாட்களில் அந்தப் பாதை வேதாரண்யம் உப்பைச் சுமந்தது. இப்பாதைகளில் உள்ள நிலையங்களிலும் லாரி வந்து திரும்ப இடமும், நீண்ட சரக்கு மேடையும், அதன்மேல் கூரையும் அமைந்தால், தென்கோடி உழவர்களின் நெல் மன்னார்குடிக்கும் நீடாமங்கலத்துக்கும் லாரியில் ஏறி வரவேண்டிய தேவை குறையும். சரக்கு மேடை கேட்டு மனுக் கொடுக்கும் உழவர் சங்கங்கள், “எங்கள் ஊருக்குக் கூட்ஸ் வண்டி வேண்டும்” என்று மட்டும் எழுதாமல், சுற்றுவட்டத்தில் எத்தனை கொள்முதல் நிலையங்கள், பருவத்துக்கு எத்தனை டன் நெல், அருகிலுள்ள கிடங்கு எத்தனை கிலோமீட்டர் என்ற விவரங்களைப் பட்டியலிட்டு இணைக்க வேண்டும். ஒரு வண்டி நிரம்ப ஆயிரம் டன் ஓரிடத்தில் சேரும் என்று காட்ட முடிந்த நிலையத்துக்கே ரயில்வே வாகனை அனுப்பும்.